மூடி இல்லாத பாட்டில்கள்

அவளுக்கு மோப்பம் என்று பெயர் வைத்தவர்கள் கூடப் படித்தவர்கள். வேதியியல் ஆய்வகத்தின் எந்த மூலையில் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும், தலையைத் திருப்பாமலே, "யாருப்பா அசிட்டோன தொறந்தது? மூடி வை" என்பாள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். அவளோ பெருமைப்பட்டுக்கொண்டாள்; பெயர் ஒட்டிக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேலைக்குச் சேர்ந்தபோது பெயர் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் மோப்பம் மேடம் என்றார்கள். துறைத் தலைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

கல்யாணம்கூட மூக்கால் வந்ததுதான். ஆய்வகக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், வேலை முடிந்ததென்று பையை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போனவள் நின்றாள்.

"மேல எதோ கருகுதுங்க. ரப்பர் இல்ல. வார்னிஷ் மாதிரி."

மெக்கானிக் சிரித்தார். இருந்தாலும் ஏறிப் போய்ப் பார்த்தார். மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிப் புகையத் தயாராக இருந்தது. இறங்கி வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்கு அடிக்கடி என்னென்னவோ கோளாறுகள் வர ஆரம்பித்தன. ஒரு லிஃப்ட் இத்தனை தடவை மக்கர் பண்ணுமா என்று யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் வாய் திறந்து பேசுவது அபூர்வம். கல்யாணத்துக்குக் கேட்டதே, "உங்களுக்குச் சரின்னா எனக்குச் சரி" என்கிற அளவில்தான். எதைப் பற்றிக் கேட்டாலும் "நல்லா இருக்கு", இல்லாவிட்டால் "பரவால்ல". இந்த இரண்டை வைத்துக்கொண்டே அவர் வாழ்க்கையை ஓட்டிவிடுவார் என்று மோப்பம் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், படுத்து எழுந்தால் போய்விடும் என்றார்கள். போகத்தான் செய்தது. போகும்போது மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் காலையில் காபியை வாயில் வைத்தால் வெந்நீர். சோப்பை முகர்ந்தால் ஒன்றுமில்லை. மருத்துவர் "திரும்பி வரலாம்" என்றார். கொஞ்ச காலம் கழித்து "சில பேருக்கு வர்றதில்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மூக்கும் முழியுமா இருக்கா" என்றார்கள். தூக்கினார்கள். கழுத்தோரம் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடினார்கள். "அப்பா, என்ன வாசன!" என்றார்கள். வந்தவர்கள் போன பிறகு அவளும் அதே இடத்தில் முகத்தைப் புதைத்தாள். சூடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். பெற்றவளுக்குத் தெரியாத வாசனையை ஊரே முகர்ந்துவிட்டுப் போகிறது. எதிர்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். அன்று அவள் அழுத அழுகையைக் குழந்தை பெற்ற அலுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படியே நினைக்க விட்டுவிட்டாள். குழந்தை வளர்ந்து வாலு என்று பெயரெடுத்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஏக்கம் மட்டும் வளரவுமில்லை, தேயவுமில்லை. பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

விடுப்பு முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பினாள். ஒருநாள் எரிவாயுக் குழாய் ஒன்று சரியாக மூடப்படாமல் கசிந்துகொண்டிருந்தது. மாணவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே மோப்பம் மேடம் நிம்மதியாகக் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. துறைத் தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தாழ்ந்த குரலில், "இனிமே நீங்க அங்க தனியா நிக்கறது சரியா வராதுங்க மேடம்" என்றார். மேடம்! அன்றிலிருந்து யாருமே அவளை மோப்பம் என்று கூப்பிடவில்லை. நாகரிகமாம். காலில்லாதவனை ஓட்டக்காரன் என்று கூப்பிடலாமா என்று அவர்களுக்குள் ஒரு கூச்சம். பெயர் போனது மூக்கு போனதைவிட அதிகமாக வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாமாவது அப்படியே கூப்பிடுவோம்.

பல்கலைக்கழகம் அப்போதுதான் மெய்நிகர் ஆய்வகம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. முதலாண்டு மாணவர்கள் தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றால் கண்ணுக்கு முன்னால் ஆய்வகம் விரியும். எடுக்கலாம், ஊற்றலாம், உடைக்கலாம். காசு செலவில்லை, காயமில்லை. மாணவர்கள் அதற்கு மாய லேப் என்று பெயர் வைத்தார்கள். அதை வடிவமைக்க வேதியியல் தெரிந்த ஒருவர் வேண்டும். மோப்பத்தை அங்கே மாற்றினார்கள். பழைய சாமான்கள் போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அதையும் தாண்டிப் போய் முட்டிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள்.

கூட வேலை செய்ய ஓர் இளைஞர். அவள் சொல்வதையெல்லாம் திரையில் உருவமாகச் செய்து கொடுப்பார், அதனால் பொம்மைக்காரர். அவரை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. குழாயில் தண்ணீர் நின்றால் விளிம்பில் குழிந்து ஏற வேண்டும், தட்டையாக நிற்கக் கூடாது. அமிலமா காரமா என்று சொல்லும் நிறங்காட்டி கடைசிச் சொட்டில்தான் நிறம் மாற வேண்டும், அதற்கு முந்தின சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பு வந்து வந்து மறைய வேண்டும். "அக்கா, இதெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்பார் பொம்மைக்காரர். "நான் பாப்பேன்" என்பாள். பெட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் அவளுக்கு அது முழுசான ஆய்வகம். இதில் ஒரு கசப்பான உண்மை இருந்தது. மாய லேப்பில் எதற்குமே வாசனை கிடையாது. அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான். அங்கே அவளுக்கு எந்தக் குறையுமில்லை.

ஒவ்வொரு பாடமாக முடித்து, நாலைந்து வருஷம் கழித்து உப்புகளை ஆராயும் பாடத்துக்கு வந்தபோது பொம்மைக்காரர் பழைய செய்முறைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நிறம் பாக்கணும், அடுத்து வாசன பாக்கணும்னு போட்டிருக்கே அக்கா. அத எப்படிக் காட்டறது?"

"வாசனதான் வராதே. எடுத்துடுங்க."

"கையால வீசி மோந்து பாக்கற மாதிரி சைகையாவது..."

"எடுத்துடுங்கன்னு சொன்னேன்ல?"

அவள் அப்படிக் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. எடுத்துவிட்டார். காரணம் தொழில்நுட்பம் என்று இரண்டு பேரும் பேசாமலே ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டில் மூடிகளும் போயின. கையிலிருக்கும் பிடிகளை வைத்துக்கொண்டு மூடியைத் திருகுவது பெரும்பாடு. பாதி வகுப்பு திருகுவதிலேயே போயிற்று. அதனால் எல்லாப் பாட்டில்களும் திறந்தே நின்றன. அதோடு, பெட்டிக்குள் பொடி எழுத்து மங்கலாகத் தெரியும். பாட்டிலின் லேபிளைப் படிக்க மாணவர்கள் அதை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து கண்ணுக்கு அருகில் பிடிப்பார்கள். மோப்பம் அதைக் கவனித்தாள். என்ன அக்கறையாகப் படிக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டாள்.

மாய லேப்பில் தேறிய மாணவர்கள் முதல் தடவையாக நிஜ ஆய்வகத்துக்குள் போன நாள். ஒரு மாணவி, விடுதியில் தங்கிப் படிப்பவள், அம்மோனியா பாட்டிலை எடுத்தாள். மாய லேப்பில் எந்தப் பாட்டிலுக்கும் மூடி கிடையாது. மூடியிருந்த பாட்டில் அவள் கைக்கு அந்நியமாக இருந்தது. முதல் வேலையாக மூடியைக் கழற்றி வைத்தாள். லேபிள் நைந்து போயிருந்தது. பழகிய கை தானாக உயர்ந்தது. திறந்த பாட்டிலை முகத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் படிக்கப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு மோப்பம் ஓடினாள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். மோப்பம் அறைக்குள் கால் வைத்ததும் மூக்கில் சுருக்கென்று குத்தியது.

மூக்கில்!

அரை நொடிதான். அந்த அரை நொடியில் அவளுக்கு வந்தது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி மறைக்க வேண்டியதில்லை, சந்தோஷமேதான். பிறகு அறிவு வந்தது. அது வாசனையில்லை, வலி; அம்மோனியாவின் குத்தல் மூக்கு செத்தவர்களுக்கும் தெரியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தன்னால் ஒரு பிள்ளை தரையில் கிடக்கும்போது தனக்குச் சந்தோஷம் வந்ததை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. மண்டிபோட்டு அந்தப் பெண்ணின் முதுகைத் தடவினாள்.

"மாய லேப்ல இப்படித்தானே மேடம் படிப்போம்?" என்றாள் அந்தப் பெண், இருமலுக்கு நடுவில். குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் துறைத் தலைவர் மோப்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரு வாரம் தர்றேன். அந்தப் பொண்ணையே வச்சுச் சோதிச்சுப் பாப்போம். சரியா வரலன்னா மூடிடலாம். உங்களுக்குத் தேர்வுப் பிரிவுல இடம் இருக்கு."

தேர்வுப் பிரிவு என்றால் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. நிஜ ஆய்வகம் போயிற்று. மிச்சமிருந்த மாய ஆய்வகமும் போனால் அவள் வேதியியல்காரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

பொம்மைக்காரரிடம் வந்து சொன்னாள்: "மூடிய திரும்பப் போடுங்க. திருகறது கஷ்டமா இருந்தா இருக்கட்டும், பழகட்டும். லேபிள் எழுத்தப் பெருசாக்குங்க. தொறந்த பாட்டில மூஞ்சிகிட்ட கொண்டுபோனா எல்லாம் வெள்ளையாயிடணும், இருமல் சத்தம் கேக்கணும், பாடம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பாட்டில தள்ளிப் புடிச்சுக் கையால வீசினா மட்டும் என்ன வாசனன்னு ஒரு குரல் சொல்லணும்."

"என்ன சொல்லணும் அக்கா?"

அங்கேதான் இடித்தது. எச்சரிக்கையைத் தன் குரலிலேயே பதிவு செய்துவிட்டாள். வாசனைகளை எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. வினிகர் எப்படி இருக்கும்? புளிப்பு. அது நாக்கு சொல்வது, மூக்கு சொல்வது என்ன? ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு அலமாரி முழுவதையும் பிரித்துச் சொன்னவள். இப்போது பெயர்கள் இருந்தன, பெயருக்குப் பின்னால் யாருமில்லை. மூக்கு போனது அவளுக்குத் தெரியும். ஞாபகமும் அதன் பின்னாலேயே நடந்து போய்க்கொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் வினிகரை நீட்டினாள். கையால் வீசி முகர்ந்தார். யோசித்தார்.

"பரவால்ல" என்றார்.

ஆபத்தில்லாதவையாக நாலைந்து சின்னப் பாட்டில்களை மேஜையில் வைத்து வாலுவைக் கூப்பிட்டாள். பாட்டிலைத் தானே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். வாலு பெரிய மனுஷிபோல் கையை வீசினாள். பக்கத்தில் கைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது.

வினிகர்: "மூக்குக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் கோவமா நடந்து போகுது."

நகப்பூச்சு அழிப்பான்: "தலைக்குள்ள யாரோ ஜன்னலத் தொறந்துட்டாங்க. ஜில்லுனு இருக்கு. ஆனா நல்ல ஜன்னல் இல்ல."

எஸ்டர் என்கிற வாசனைத் திரவம்: "வாழப்பழம். நெஜ வாழப்பழம் இல்ல, பொய். மிட்டாய்ல இருக்கறது."

வலித் தைலத்தில் இருக்கும் இன்னொரு எஸ்டரை முகர்ந்ததும் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பா முதுகு."

மோப்பம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாசனை அவளுக்கு ஞாபகம் வந்தது போலிருந்தது. அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டாள். வாலு அதற்குள் தன் முன்கையை மூக்கில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணும் வரலியே! என் மூக்கும் போச்சா?"

"அதெல்லாம் இல்லடி. அவங்கவங்க வாசன அவங்கவங்களுக்குத் தெரியாது. மூக்குக்குப் பழகிப் போயிருக்கும். யாருக்குமே தெரியாது."

"அப்ப நீ சொல்லு. நான் எப்படி இருக்கேன்?"

குழந்தை கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. மோப்பம் குனிந்து முகத்தைப் புதைத்தாள். சூடு. மெத்தென்ற சதை.

"நல்லா இருக்கே" என்றாள்.

"போம்மா. நல்லான்னா எப்படி? அப்பா மாதிரி சொல்லாத."

அடுப்பில் எதையோ வைத்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றுமில்லை. கதவோரம் கருவிப் பையுடன் நின்றிருந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோதனை நாள் வந்தது. துறைத் தலைவர் முதலில் தானே பெட்டியை மாட்டிக்கொண்டு மஞ்சள் நாடாவைத் தாண்டிப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டார். பிறகு அந்த மாணவி வந்தாள். திரையில் அவள் பார்ப்பதை எல்லோரும் பார்த்தார்கள். மூடியிருந்த பாட்டிலைத் தூக்கி லேபிளைப் படித்தாள். கீழே வைத்தாள். மூடியைத் திருகினாள். மோப்பத்தின் நகம் உள்ளங்கையில் பதிந்தது. அந்தப் பெண்ணின் கை பாட்டிலோடு உயரப் போனது, பாதி வழியில் நின்றது, பாட்டில் தள்ளிப் போனது. இன்னொரு கை மெல்ல வீசியது. "அப்பா முதுகு" என்றது வாலுவின் குரல்.

அறை சிரித்தது. பெட்டிக்குள்ளிருந்த பெண்ணும் சிரித்தாள். கொஞ்சம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "எங்க அப்பா முதுகும் இதேதான்" என்றாள். ஊருக்குப் போய் எவ்வளவு நாளாயிற்றோ. அடுத்த பாட்டிலுக்குப் போகாமல் அதையே இன்னொரு முறை முகர்ந்தாள்.

"குழந்தக் குரல்ல பாடமான்னு கேப்பாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் துறைத் தலைவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "நடத்துங்க. நல்லா வந்திருக்கு, மோப்பம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ வெகுநாள் கழித்து வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வந்தவள்போல் முகம் மலர்ந்து நின்றாள். மனுஷர் தப்பித்தோம் என்று நழுவினார்.

எல்லோரும் போன பிறகு பொம்மைக்காரர் பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா, கடைசித் தட்டுல ஒரு பாட்டில். லேபிள் சரியா வந்திருக்கான்னு பாத்துடுங்க. நான் கெளம்பறேன்."

"நீங்களே பாத்திருக்கலாமே?"

"நீங்க பாத்தாதான் சரியா இருக்கும்."

பெட்டியை மாட்டிக்கொண்டாள். ஆய்வகம் விரிந்தது. கடைசித் தட்டில் அவள் கேட்காத ஒரு பாட்டில், மற்றவற்றைவிடச் சின்னது. எடுத்து லேபிளைப் படித்தாள். வாலு என்று எழுதியிருந்தது.

மூடியைத் திருகினாள். அவ்வளவுதான், மேடமும் போனாள், விரிவுரையாளரும் போனாள். இத்தனை வருஷத்து ஆசை கழுத்தைப் பிடித்துத் தள்ள, அப்படியே குனிந்து பாட்டிலின் வாயில் முகத்தை வைத்துவிட்டாள்.

எல்லாம் வெள்ளையாயிற்று. லொக்கு லொக்கென்று இருமல். பிறகு கண்டிப்பான ஒரு குரல், அவளுடையதேதான்: "மூக்க உள்ள விடாதீங்க. பாட்டில தள்ளிப் புடிச்சு, கையால வீசி வரவழைங்க. மொதல்ல இருந்து."

அழுகையும் சிரிப்புமாக முதலிலிருந்து தொடங்கினாள். மூடியைத் திருகினாள். தள்ளிப் பிடித்தாள். கையை வீசினாள்.

கரகரப்பு. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஓடுதா தம்பி? ...ம். எனக்குச் சொல்ல வராது, உனக்கே தெரியும். காலைல தூங்கி எந்திரிச்சா சூடா, அப்பதான் சுட்ட ரொட்டி மாதிரி இருப்பா. ஸ்கூல் விட்டு வந்தா பென்சில் சீவுன வாசன, கொஞ்சம் வேர்வ. இதெல்லாம் எல்லாப் புள்ளைங்களுக்கும் இருக்கும்." மறுபடியும் ஒரு செருமல். "அதுக்கு அடியில ஒண்ணு இருக்கு. அது நீதான். அன்னிக்கு லிஃப்டுகிட்ட வந்து நின்ன பாரு, அப்ப வந்துச்சே, அதே வாசன. உன் மூக்கு நல்லா இருந்தப்பக்கூட உனக்கு அது தெரிஞ்சிருக்காது மோப்பம். யாருக்கும் தன் வாசன தெரியாதுன்னு நீதான சொன்ன. எனக்குத் தெரியும். நல்லா இருக்கும். ...போதும் தம்பி. இத எப்படி நிறுத்தறது?"

பெட்டியை மாட்டியிருக்கும்போது கண்ணைத் துடைக்க முடியாது. கண்ணீர் அதன் விளிம்பில் தேங்கி நின்றது. வாசல் வழியாகப் போன துப்புரவுப் பெண் எட்டிப் பார்த்தாள். காலி அறையில், மஞ்சள் நாடாவுக்குள், மேடம் ஒற்றையாக நின்றுகொண்டு ஈ ஓட்டுவதுபோல் கையை வீசிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள், கொஞ்ச நேரம் எதையோ கேட்டாள், மறுபடியும் வீசினாள்.